பேரிமரத் தக்கை

சீவல் நீளமாக வருகிறது. உளியின் நுனியிலிருந்து எழுந்து, என் மணிக்கட்டைத் தொட்டுச் சுருண்டு, அறுபடாமல் மடியில் வந்து விழுகிறது. காய்ந்த மரம் இப்படிச் சீவல் தராது. காய்ந்த மரம் பொடியாய் உதிரும், மூக்கில் ஏறும், தும்ம வைக்கும், கையை எதிர்த்து நிற்கும். இது இணங்குகிறது. கடைசல் எந்திரம் ஒரே சீராய் ஓடிக்கொண்டிருக்கிறது. சன்னலுக்கு வெளியே ஏற்காட்டின் பனிமூட்டம் காப்பிச் செடிகளை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வருகிறது. மதியச் சோற்றின் மயக்கம் இன்னும் கண்ணிமையில் இருக்கிறது. நான் ஒரு தக்கையைக் கடைந்துகொண்டிருக்கிறேன், தேன்புட்டியின் வாய்க்கு ஒரு மரத் தக்கை. மேலே பிடித்து இழுக்க ஒரு குமிழ், கீழே புட்டிக்குள் இறங்க ஒரு கழுத்து, அவ்வளவுதான் அது. அதற்குள் நினைத்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று யாரேனும் கேட்கலாம். சீவல் நீளமாக வருகிறது, அதுதான் இருக்கிறது. பனி நாளில் எல்லா மரமும் கொஞ்சம் ஈரம் வாங்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். உப்புச் சாடி கசிகிறது, தீக்குச்சி பற்ற மறுக்கிறது, பெட்டியில் மடித்து வைத்த சேலை மணக்கிறது, மரம் மட்டும் விலகி நிற்குமா? சென்ற மாதமும் இப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் பனியின் ஈரம் மரத்தின் தோலோடு நின்றுவிடும், உள்ளே போகாது. நான் இப்போது தோலைத் தாண்டி வெகு தூரம் வந்துவிட்டேன். உள்ளே போகப் போக ஈரம் கூடுகிறது. சீவலை எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாய் இருந்தது. லேசாய் இனித்தது. விழுந்து ஓராண்டு ஆன மரத்தில் இனிப்பு எங்கிருந்து வரும்? இது விழுந்த மரமன்று. நின்ற மரம். நின்றுகொண்டிருந்த மரம். நேற்றோ முந்தாநாளோ இலையோடு நின்றுகொண்டிருந்த மரம்.

விழுந்ததை மட்டும் எடுப்போம் என்று சொன்னவள் அமலோற்பவம். நான் சொல்லவில்லை. என் கணவர் இன்னாசியின் தங்கை அவள். எனக்கு நாத்தனார், ஆனால் இன்னாசி போன பிறகு தங்கையும் அவளே, தாயும் அவளே. காப்பித் தோட்டத்துக்கு மேலே ஒரு சரிவில் மரங்களை ஒட்ட வெட்டியிருந்தார்கள். மழையில் அந்தச் சரிவு வழுக்கிக் கீழே வந்தது. கீழே பாதையில் இன்னாசி குடையோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். குடையை முதலில் எடுத்தார்கள். அதன் பிறகு வெகுநாள் நான் எழுந்து தலை வாரவில்லை. அமலோற்பவம்தான் ஒரு நாள் காற்றில் ஒடிந்து விழுந்த கொய்யாக் கிளை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து இந்தக் கொட்டகை வாசலில் போட்டாள். "அண்ணி, கான்வென்ட்டுல கடைசல் கத்துக்கிட்டு வந்தீங்கல்ல, அந்த மெஷினு துருப்பிடிச்சுக் கெடக்குது. எந்திரிங்க. நான் பொறுக்கிட்டு வர்றேன், நீங்க கடைஞ்சு குடுங்க. ஆனா ஒண்ணு. நிக்கிற மரத்துல கத்தி வைக்கிறதில்ல. எங்கண்ணன் மேல சத்தியம்." நான் சத்தியம் கேட்கவில்லை, அவளாகவே செய்தாள். புட்டியின் கழுத்தில் கட்டும் சின்னச் சீட்டில் என்ன எழுதுவது என்பதையும் அவள்தான் சொன்னாள்: வீழ்ந்த மரம், வெட்டாத கை. ஏரிக்கரைக் கடையில் தேன் வாங்குகிறவர்கள் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, தேனை மறந்து தக்கையைத் தடவிப் பார்க்கிறார்கள். எத்தனை பேர் அந்தச் சீட்டை நம்பி வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்கள். வெட்டாத கை. என் கை வெட்டவில்லை, உண்மைதான். என் கை கடைந்தது மட்டும். உளி மறுபடி இறங்குகிறது, சீவல் மறுபடி எழுகிறது. எவ்வளவு இனிமையாய் இணங்குகிறது இந்த மரம். மறைக்க ஏதாவது வைத்திருப்பவர்களும் இப்படித்தான் இணங்கிப் போவார்கள். உண்மையான மனிதர் நம்மை ஓரிடத்திலாவது எதிர்ப்பார், பொடி பறக்கும், கண் எரியும். எந்த இடத்திலும் தடை சொல்லாமல் சுருண்டு சுருண்டு மடியில் விழும் அன்பைக் கண்டால், பிள்ளைகளே, கொஞ்சம் நிறுத்தி உதட்டில் வைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளே என்கிறேன். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பின் பழக்கம், தனியே இருக்கும்போதும் விடுவதில்லை. அவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஓர் ஊரில் தராசு செய்கிறவன் ஒருவன் இருந்தான். மயிரிழை பிசகாத தராசு. அவனுக்கு எடைக்கல் வார்த்துக் கொடுத்தவன் அவனுடைய உயிர் நண்பன். நண்பன் ஒவ்வொரு கல்லிலும் கொஞ்சம் குறைத்து வார்த்தான். தராசு நேராகத்தான் நின்றது. ஊர் முழுவதும் குறைந்த அரிசியை நேர்மையான தராசில் வாங்கியது, குறைந்த மருந்தை நேர்மையான தராசில் நிறுத்தது. குற்றவாளி யார் என்று கேட்பேன். கல் வார்த்தவன் என்று பிள்ளைகள் கத்துவார்கள், நானும் தலையாட்டுவேன். இன்று அந்தக் கதை என்னை விட்டு நகர மறுக்கிறது. கல் வார்த்தவன் ஊரை மட்டுமா ஏமாற்றினான்? அரிசி குறைகிறதே என்று ஊர்க்காரர்கள் தராசுக்காரன் வாசலில் வந்து நின்ற நாளில், அவன் தன் தராசைத்தானே பிரித்துப் பார்த்திருப்பான். முள்ளைத் தேய்த்திருப்பான், தட்டைத் துடைத்திருப்பான், இரவெல்லாம் தன் கையை நொந்திருப்பான். அப்போது அந்த நண்பன் எங்கே இருந்தான்? பக்கத்திலேயே இருந்தானா? விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றானா?

நின்றாள். அமலோற்பவம் சேலத்துக்குப் பேருந்தில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் எலுமிச்சம்பழத்தை என் மூக்கருகே பிடித்துக்கொண்டு வந்தாள். அது நடந்தது, நான் கற்பனை செய்யவில்லை. ஏரிக்கரைக் கடைக்காரர் கஜபதி ஒரு நாள் புட்டிகளைத் திருப்பிக்கொண்டு வந்தார். "என்னக்கா, உங்க தக்கை எல்லாம் ஆடுது. ஒரு அம்மா தேன் வாங்கிட்டுப் போயி கார் சீட்டு முழுக்கத் தேனாக்கிடுச்சு. போன்ல என்னைக் கொட்டுச்சு பாருங்க, தேனீகூட அப்படிக் கொட்டாது." நான் தக்கையைப் போட்டுப் பார்த்தேன். ஆடியது. நான் கடைந்தபோது இறுகி நின்ற தக்கை. என் கையில் அளவு தவறியதே இல்லை, தவறிவிட்டதே என்று அன்று சோறு இறங்கவில்லை. அமலோற்பவம் என் தோளைத் தடவினாள். "வயசாகுதுல்ல அண்ணி. கண்ணுக்கு அளவு தப்புது. அதுக்குப் போயி அழுவாங்களா? சேலத்துல கண்ணைக் காட்டிட்டு வந்துருவோம்." கண் மருத்துவர் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார். ஆனாலும் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அவள்தான் சட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். "இதப் போடுங்க, மதர் சுப்பீரியர் கணக்கா இருக்கீங்க. எம்மவன் டெனிசுக்கு இப்படி ஒரு டீச்சரம்மா இருந்திருந்தா உருப்பட்டிருப்பான்." இருவரும் கடையில் நின்று சிரித்தோம். நான் சிரித்தேன். அப்போது அவளுக்குத் தெரியும். ஈர மரத்தில் கடைந்த தக்கை கடைந்த அன்று இறுகி நிற்கும், ஈரம் வற்ற வற்றச் சுருங்கும், ஒரு மாதத்தில் ஆடும். இது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். என் கண்ணில் பழுதில்லை, தன் மரத்தில்தான் பழுது என்று தெரிந்தும் அவள் என்னைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். எலுமிச்சம்பழம் பிடித்தாள். அந்தப் பழத்தின் வாசனை உண்மைதானா? அக்கறை இல்லாதவள் எல்லா வளைவிலும் பழம் பிடிப்பாளா? இந்த இடத்தில்தான் சிக்குகிறேன். வெறும் பொய்யாய் இருந்தால் வெட்டி எறிந்துவிடலாம். பொய்யும் பழமும் ஒரே கையில் இருக்கின்றன.

ஏமாற்ற நினைக்கிறவர்களே, உங்களுக்கு ஒன்று சொல்வேன். பொருளைத் திருடுங்கள், அது திரும்பக் கிடைக்கும் அல்லது கிடைக்காமல் போகும், மனிதர் பிழைத்துக்கொள்வார். ஆனால் ஒருவர் தம் கண்ணைத் தாமே நம்பாதபடி செய்துவிடாதீர்கள். அந்தத் திருட்டுக்கு ஈடு கிடையாது. இரண்டு மாதமாய் நான் கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை மறுபடி இழுத்துப் பார்க்கிறேன். ஊசியில் நூல் கோத்துவிட்டுக் கோத்தோமா என்று தடவுகிறேன். வகுப்பில் மறைக்கல்வி நூலைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்கிறேன். இவ்வளவும் ஒரு ஈரக் கட்டைக்காக. புகை வாசனையும் இல்லை, இப்போது நினைவுக்கு வருகிறது. பொறுக்கிய மரத்தை அவள் வீட்டு அடுப்புக்கு மேலே பரணில் ஓராண்டு போட்டு வைப்போம். சமையல் புகையில் மெல்லக் காயும், வெடிக்காது. அப்படிக் காய்ந்த கட்டையை எந்திரத்தில் பூட்டினால் கொட்டகை முழுக்க அமலோற்பவத்தின் அடுப்படி மணக்கும், கருவாட்டு வாசனைகூட வரும். கொஞ்ச நாளாய்ப் புகை வாசனை இல்லையே என்று நான்தான் கேட்டேன். "கேஸ் அடுப்பு வந்துருச்சுல்ல அண்ணி. இன்னமும் நான் ஊதுகுழலோட கெடக்கணுமா?" என்றாள். நியாயமாக இருந்தது. அவள் சொன்னது ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது.

நீலம். குமிழ் வரவேண்டிய பக்கத்தில், மரம் சுழலும்போது ஒரு கோடாய் ஓடுகிறது, நீலமும் கறுப்புமாய், எழுதும் மை சிந்தியது போல. இது பேரிக்காய் மரம், இதன் உள்நிறம் வெளுத்த ரோசா, அதில் மை எப்படி வரும்? மரத்துக்குள் இரும்பு இருந்தால் வரும். இரும்பு எங்கோ ஒளிந்திருந்தாலும் மரம் அதைச் சுற்றி நீலம் பாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். உளியை விலக்க வேண்டும் என்று நினைப்பதற்குள் அது 'டிக்' என்றது. கை அதிர்ந்தது. எந்திரத்தை நிறுத்தினேன். ஓடும்வரை சத்தம் என்று தோன்றாத ஒன்று நின்றதும் கொட்டகை பெரிதாகிவிட்டது. உளியின் வாய் சிதைந்திருந்தது. கட்டையில் ஒரு கறுத்த புள்ளி. இடுக்கியால் பிடித்து ஆட்டி இழுத்தேன், ஆட்டி இழுத்தேன், பல்லைப் பிடுங்குவது போல வந்தது. தட்டைத் தலை, பக்கம் மெலிந்த உடம்பு. லாட ஆணி. குதிரையின் குளம்பில் அடிக்கும் ஆணியைக் கொண்டுபோய் மரத்தில் அடித்த ஆள் இந்த மலையில் ஒருவர்தான் இருந்திருப்பார். டெனிஸ் பிறந்தபோது, குழந்தைத் துணி காயப்போடக் கொடி கட்ட வேண்டும் என்று அமலோற்பவம் கேட்டாள். இன்னாசி ஏரிக்கரைக் குதிரைக்காரனிடம் ஒரு ஆணி வாங்கி வந்து அவள் வீட்டுப் பின்மேட்டுப் பேரிமரத்தில் அடித்தார். "குதிரைக்கே தாங்குது, உன் மவன் மூத்திரத் துணிக்குத் தாங்காதா?" என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம். பிறகு மரம் பருத்து அந்த ஆணியை மெல்ல விழுங்கிவிட்டது. கயிற்றை அவள் வேறிடத்தில் கட்டினாள். ஆணியை எல்லோரும் மறந்தோம், அறுத்துக் கொடுத்தவளும் மறந்தாள். மரம் மறக்காமல் இத்தனை காலம் சுற்றிலும் நீலம் பூசி வைத்திருக்கிறது. கண்ணாடி வழியே பார்க்கிறேன், தெளிவாகத் தெரிகிறது. அவள் வாங்கித் தந்த கண்ணாடி.

ஆகவே வேறு யாருடைய மரமும் அன்று, அவளுடைய பேரிமரம். முதலில் கிளை கிளையாய் வந்தது, அவைதாம் கஜபதியின் கடையில் ஆடிய தக்கைகள். இப்போது அடிமரம் வந்திருக்கிறது. நான் தினமும் போய் வந்திருந்தால் கண்டிருப்பேன். பனியில் வழுக்கும், இப்போ மேட்டுப் பக்கம் வராதீங்க அண்ணி, என்று சொல்லி வைத்திருந்தாள். அதையும் அக்கறை என்றே எடுத்துக்கொண்டேன். அடிமரம் போனால் வேர் என்ன ஆகும்? கோபம் இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்கிறது. அந்த மேட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தது அந்த மரம் ஒன்றுதான். மேட்டுக்கு நேர் கீழே அவள் வீட்டுச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் அமலோற்பவத்தின் பாய், பக்கத்தில் தூளி, தூளியில் டெனிசின் குழந்தை. வேர் உடனே மடியாது, கொஞ்ச காலம் பிடித்திருக்கும், பிறகு உள்ளுக்குள் மட்கும். மேலே புல் முளைத்து எல்லாம் நலமே என்று காட்டும். மழை ஒவ்வொன்றாய் விரல்களைப் பிரித்துவிடும். குடையை முதலில் எடுத்தார்கள். குடை மடங்கவே இல்லை, விரித்தபடி சேற்றுக்குள் இருந்தது. நான் அதை நினைக்கவில்லை, நினைக்க மாட்டேன். நாளைக்குக் கஜபதியிடம் போக வேண்டும். சீட்டுக் கட்டிய புட்டிகளையெல்லாம் எடுத்துவிடுங்கள், அந்தச் சீட்டு உண்மையில்லை என்று என் வாயால் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார். நாத்தனார் பெயரைச் சொல்வதா? சொல்லாமல் விட்டால் மறுபடி என் கண்ணைத்தானே சொல்வார்கள். சொன்னால் ஊரில் அவள் தலை நிமிர முடியாது. சீட்டில் இருப்பது என் வாக்கு. அவள் வாக்கும்தான். ஒரே கயிற்றில் இருவரும் கட்டிய முடிச்சு, அவளுடைய முனையை மட்டும் அவிழ்ப்பது எப்படி?

கட்டையை மறுபடி பூட்டினேன். ஏன் என்று தெரியவில்லை. தொடங்கியதை முடித்துவிட வேண்டும் என்று கைக்குத் தோன்றியது போலும். வேறு உளி எடுத்தேன். கழுத்தை அளவுக்கு இறக்கினேன், குமிழைத் திரட்டினேன், உப்புத்தாள் போட்டேன், தேன்மெழுகு தடவினேன். எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது. குமிழின் ஒரு பக்கத்தில் ஆணி இருந்த துளை, துளையைச் சுற்றி நீலம், விழித்த கண் போல. வெறும் தேன்புட்டி ஒன்றின் வாயில் அதை அழுத்திப் பொருத்தி, கண் வாசலைப் பார்க்கும்படி மேசையில் வைத்தேன்.

"என்னங்கண்ணி, மெஷினு சத்தத்தையே காணோம்? கரண்டு போயிருச்சா?" அமலோற்பவம் தேநீர்த் தூக்கோடு உள்ளே வந்தாள். தலையில் முக்காடாய்ப் போட்டிருந்த துண்டில் பனி முத்து முத்தாய் ஒட்டியிருந்தது. "இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன். குடிங்க, உங்க தும்மலுக்கு நல்லது. ஆனா இப்பல்லாம் நீங்க தும்முறதே இல்ல." தும்மவில்லை, பொடி பறந்தால்தானே. அவள் பேசிக்கொண்டே புட்டியைப் பார்த்துவிட்டாள். "ஐய, இதுல கறை ஏறிக் கெடக்குதே. கஜபதி கிட்டக் குடுத்தீங்கன்னா அதுக்கும் ஒரு பாட்டுப் பாடுவான்."

"கடைக்கு இல்ல. உனக்கு."

"எனக்கெதுக்கு?"

உள்ளங்கையை விரித்தேன். லாட ஆணி. அவள் முகம் உடனே மாறவில்லை. முதலில் தூக்கை மேசையில் வைத்தாள், பிறகு மூடியைத் திறந்தாள், திறந்ததை மறுபடி மூடினாள்.

"எங்கண்ணன் ஆணி" என்றாள்.

இவ்வளவு சீக்கிரம் சொல்வாள் என்று நான் நினைத்திருக்கவில்லை. மறுப்பாள், நான் ஒவ்வொன்றாய் எடுத்துவைத்து அவளைச் சுவரோடு நிறுத்தலாம் என்று மனத்துக்குள் வாக்கியங்களை அடுக்கியிருந்தேன். எல்லாம் வீணாயின.

"டெனிசு மேட்டுல ரூம் கட்டணுங்கிறான் அண்ணி. டூரிஸ்ட்டு வர்றாங்க, ஊரே கட்டுது. முடியாதுன்னா பொண்டாட்டி புள்ளயக் கூட்டிக்கிட்டுத் திருப்பூர் போயிருவேங்கிறான். பாப்பாவைப் பாக்காம நான் இருந்துருவனா? நீங்களே சொல்லுங்க."

"மரம் உன்னோடது. வெட்டினத நான் கேக்கல."

"அப்புறம் எதுக்கு இப்படிப் பாக்குறீங்க?"

"என் கண்ணு கெட்டுப்போச்சுன்னு சொன்னியே அமலு."

அவள் துண்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். வெளியே எங்கோ ஒரு ஜீப் பனியில் வழி கேட்பது போல ஒலிப்பானை அடித்துக்கொண்டே போனது. "வெறகுக்குப் போட மனசு வரல அண்ணி," என்றாள் துண்டுக்குள்ளிருந்து. "உங்க கைக்கு வந்தா அழகா ஏதாச்சும் ஆகும்னு நெனச்சேன். சொன்னா நீங்க தொட மாட்டீங்க. கஜபதி வந்து கத்துன அன்னிக்கே சொல்லிரலாம்னு பாத்தேன். அதுக்குள்ள நீங்களே உங்க கண்ணத் திட்டிக்கிட்டீங்க. எனக்கு அது... சௌகரியமா இருந்துச்சு." அந்தச் சொல்லை அவள் மெல்லத்தான் சொன்னாள். பிறகு அதைத் தாங்க முடியாமல் நிமிர்ந்து, "அண்ணன் இருந்திருந்தா அதுவே மரத்த வெட்டிக் குடுத்திருக்கும். தங்கச்சிக்காக அது என்னதான் செய்யல?" என்றாள்.

இதற்குத்தான் நான் ஆயத்தமாய் இருக்கவில்லை. சேற்றுக்குள் விரித்துக் கிடந்த குடையின் மீது இன்னொரு கூடை மண் கொட்டப்பட்டதைப் போல இருந்தது. போய்விடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள், மேட்டுக்குக் கீழே, அந்தச் சுவரோரம், தூளிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்திருப்பாள்.

"நாளைக்குக் கஜபதி கிட்ட நீயும் வர்ற. சீட்ட நீதான் அவுக்கணும், நான் அவுக்க மாட்டேன்."

தலையாட்டினாள்.

"ஐப்பசி பொறந்ததும் பாப்பாவத் தூக்கிக்கிட்டு இங்க வந்துரு. டெனிசு, அவன் பொண்டாட்டி, எல்லாரும். மழ விடுற வரைக்கும் ராத்திரி ஒருத்தரும் அங்க படுக்கக் கூடாது."

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அப்போதுதான் அந்த மேடு கண்ணில் விழுந்திருக்க வேண்டும். முகத்தின் நிறம் வடிந்தது. பிறகு, குழந்தைபோல, "அப்ப என்மேல கோவம் இல்லியா அண்ணி?" என்றாள்.

"இருக்கு. கோவத்தோடதான் சொல்றேன். வந்து படு."

தேநீரைக் குடித்தேன். இஞ்சி காரமாய் இருந்தது, நன்றாகவும் இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. அவள் ஆணியை முந்தானையில் முடிந்துகொண்டாள். புட்டியைக் கையில் எடுத்து நீலக் கறையைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காகக் குமிழைப் பிடித்து இழுத்தாள். திருகி இழுத்தாள். தக்கை அசையவில்லை. "கெட்டியாத்தான் இருக்குது அண்ணி" என்று சிரிக்கப் பார்த்தாள்.

ஈர மரம். இன்றைக்குக் கெட்டியாகத்தான் இருக்கும்.